ஒவ்வொரு வாய்க்கும் ஓர் 'ஆ'

பக்கவாதம் வந்து இருபது நாள் கழித்து மைதீன் பிச்சைக்கு இன்றுதான் வாய்வழியாகக் கஞ்சி. ஊட்டிவிட மனைவி சித்திகா கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் தலை குனிந்து விழுங்கி, 'ஆ' சொல்ல வேண்டும். குரல் ஈரமாகக் கரகரத்தால் கஞ்சி தடம் மாறிவிட்டது என்று அர்த்தம்; உடனே நிறுத்திவிட வேண்டும்.

மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டியில் இருபது வருஷமாகப் போனைக் காதில் வைத்தபடியே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிய மனுஷன். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை.

"மெதுவாங்க. குனிஞ்சு முழுங்குங்க."

தொண்டை ஏறி இறங்கியது. "ஆ" என்றார். குரல் தெளிவாக இருந்தது.

ஐந்தாவது வாயில் இருமினார். சித்திகா சட்டென்று கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள். இருமல் நின்றது. அவர் கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தார்.

"ஏனுங்க, 'ஆ' சொல்லுங்க. சொல்லுங்களேன்!"

கோணிய உதடு மெல்ல அசைந்தது.

"அல்... ஹம்து... லில்லாஹ்."

உண்டு முடித்ததும் இறைவனுக்குச் சொல்லும் நன்றி. இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அவள் அதைக் கேட்டதே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். குரலில் துளி ஈரமில்லை.

"அதுக்குள்ளயா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தாள். "இன்னும் பாதிக் கஞ்சி இருக்குதுங்க."