மூடிய அறையில் எட்டுப் பாட்டு

கிழக்கு வெளுக்குமுன்பே நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் காப்பி மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடும். லூசியஸ் குனிந்து பிடரியில் மூட்டையை வாங்குவான். சணல் கோணி கழுத்துத் தோலை அறுக்கும். அறுத்த இடத்தில் வியர்வை இறங்கி எரியும். ஆனால் விரலால் மட்டும் மூட்டையைத் தொடமாட்டான்.

"பியானோ மாப்பிள்ளை வர்றாரு! விரல் நோவாம தூக்கிவிடுங்கடா!" என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். பேசட்டுமே! அந்தப் பத்து விரல்தானே அவனுடைய காடு கழனி எல்லாம்.

ஏழு வயதில் தேவாலயத்துப் பியானோவில் தொடங்கியவன். பிறகு சாராயக் கடைகள், நடன விடுதிகள். ஒன்பது வருஷமாகக் கார்லண்ட் என்ற வெள்ளைக்காரனின் ஒலிப்பதிவுக் கூடம். ஊரே எழுந்து ஆடுகிற ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளில் இடி மாதிரி உருளும் அந்த இடது கை இவனுடையதுதான். இசைத்தட்டின் மேல் பாடகன் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். லூசியஸின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைக்கு அது மாறப்போகிறது. "கடைசிப் பாட்டு உன் பாட்டுடா பையா. தட்டுல உன் பேரைப் போடறேன்" என்று கார்லண்ட் வாக்குக் கொடுத்திருந்தான். நாற்பது வயது ஆளைத்தான் பையா என்றான்.

கடைசிப் பாட்டு என்றால் எட்டாவது பாட்டு. போன மாதம் வரை ஒரு நாளைக்கு நாலுதான். இப்போது அதே கூலிக்கு எட்டு.

கூடத்துக்குத் தகரக் கூரை, ஆகஸ்ட் வெயில், ஒரே ஒரு மைக். இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்திக் கதவையும் சாத்திவிடுவார்கள். வாத்தியக்காரர்கள் ஆறு பேரும் சேர்ந்து வாசிக்க வாசிக்க, கண்ணாடிக்கு அப்பால் சுழலும் தட்டில் ஊசி கோடு கிழித்துக்கொண்டே போகும். ஒருவன் பிசகினால் போதும், தட்டு குப்பைக்கு. திரும்ப முதலிலிருந்து.

ஐந்தாம் பாட்டின் நடுவில் டிரம்ஸ் சத்தம் நின்றுபோனது. டிரம்ஸ் வாசிக்கும் கிழவர் ஐசக் முக்காலியிலிருந்து சரிந்து கிடந்தார்.

"அண்ணே! ஐசக் அண்ணே!"

நாலு பேராகத் தூக்கி வெளியே நிழலில் கிடத்தினார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"சார், அரைமணி நேரம் விசிறியப் போட்டு விடுங்க" என்றான் லூசியஸ்.

"காத்து வாங்கவா வந்தீங்க? அந்தக் கிழவன் இனிமே வேணாம். வேற ஆளக் கூப்பிடு." கார்லண்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எட்டாவது வரைக்கும் எதுக்கு? உன் பாட்டை இப்பவே எடுத்துடலாம் பையா."

லூசியஸுக்கு ஒரு கணம் உள்ளே இனித்தது. சீ, இனித்ததே என்று அடுத்த கணமே கூசியது.

சாக்ஸபோன்காரன் கார்னிலியஸ் அவன் தோளைத் தொட்டான். "போய் வாசிடா. ஒம்போது வருஷம் காத்திருந்தவன் நீ. நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எதிர்க்கடையில் பீன்ஸும் சோறும் தின்றுகொண்டிருந்த இன்னொரு டிரம்ஸ்காரன் வெண்டலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வியர்வையில் ஈரமாயிருந்த முக்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஐசக் அண்ணன் இடமாச்சே?" என்று கேட்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. லூசியஸுடைய பாட்டின் முகப்பு பியானோவுக்கு மட்டுமே உரியது. அவன் தொடங்காமல் வேறெவரும் தொடங்க முடியாது. லூசியஸ் இரண்டு கைகளையும் எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். மௌனத்தின் மேல் ஊசி ஓடியது.

கார்லண்ட் கண்ணாடியில் அறைந்தான். "என்னடா, மறந்துபோச்சா? புதுத் தட்டு போடு!"

புதுத் தட்டிலும் மௌனம்தான் விழுந்தது. வெண்டல் குச்சிகளைக் கீழே வைத்தான். கார்னிலியஸ் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தான்.

"விசிறி ஓடணும் சார். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் கதவு திறக்கணும். நாலு பாட்டுக்கு மேல ஆகாது. ஐசக் அண்ணன் இடம் அவருக்குத்தான்." லூசியஸ் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான்.

"வெளியே போங்கடா!"

போனார்கள். வெளியே கழுத்தில் பனிக்கட்டியோடு கண் விழித்திருந்த ஐசக், விஷயம் கேட்டதும் கத்தினார். "அட முட்டாப்பயலே! உன் பாட்டு போச்சேடா!"

"போனாப் போகுதுண்ணே. உங்களத் தாண்டிப் போய் வாசிக்கச் சொல்றீங்களா?" என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பிற்பகல் பதிவுக்குத் தேவாலயப் பாடகர்கள் நாலு பேர் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். மூத்தவரும் சபை ஊழியருமான டீக்கன் ரூஃபஸ் எல்லாவற்றையும் கேட்டார். கைக்குட்டையை நடைபாதையில் விரித்து லூசியஸின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள்.

கார்லண்ட் காகிதமும் பேனாவுமாக வெளியே வந்தான். "பேரச் சொல்லுங்க. ஊர்ல இருக்கிற அத்தனை கூடத்துக்கும் இந்தப் பட்டியல் போகும். எவன் வேலை குடுக்கறான்னு பாக்கறேன்!"

"வெண்டல் பெரியே. நடுவுல ரெண்டு 'ஆர்' எழுத்துப் போட்டு எழுதுங்க."

"கார்னிலியஸ் வாட்ஸ்."

"ரூஃபஸ் கெயின்ஸ்" என்றார் டீக்கன்.

"யோவ், நீ இன்னும் உள்ளயே வரலையே!"

"வரப்போறதும் இல்ல. எழுதுங்க."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கார்லண்ட் வேர்த்து விறுவிறுத்து எழுதினான். லூசியஸின் முறை வந்ததும் பேனா நின்றது.

"உன் முழுப் பேர் என்ன?"

ஒன்பது வருஷம் வேலை வாங்கியவன் கேட்கிறான். பேரைப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் கேட்கிறான்.

லூசியஸ் எழுந்து நின்றான். ஐசக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரைத் தாங்கிக்கொண்டு மற்றவர்களும் எழுந்தார்கள்.

"லூசியஸ் டெல்பிட்" என்றான். "பெரிசா எழுதுங்க சார்."