தட்டைத் திருப்பும் நேரம்

மனிதகுலத்தின் முட்டாள்தனங்களுக்கெல்லாம் ஒரு தலைநகரம் உண்டென்றால், அது வியன்னாவில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. பல்கலைக்கழகக் கேன்டீனில் நான் இதைப் பலமுறை, தகுந்த ஆதாரங்களோடு நிரூபித்திருக்கிறேன்.

அப்பாவிடம் (பெயர் ஓட்டோகார், அம்மாவுக்கு ஓட்டோ) போருக்கு முந்தைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய உண்டு. அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு சிம்பொனி. ஒரு பக்கம் நான்கு நிமிடம்தான் பாடும். அதன் இரண்டாம் பகுதியோ ஆமை வேகம். வயலின்கள் துக்கத்தின் நடுவில் நிற்கும்போது தட்டு தீர்ந்துவிடும். அப்பா எழுந்து, திருப்பிப் போட்டு, தூசி துடைத்து, ஊசியை வைப்பார். ஞாயிறுதோறும், காபிக்குப் பிறகு.

அந்த இடைவெளியில் அம்மா வாய் திறக்காமல் பாடுவாள். இசை அறுந்துபோகக் கூடாதாம். விட்ட இடத்தில் பிடித்து, ஊசி இறங்கும்வரை இழுத்துக்கொண்டிருப்பாள். அப்பா குறும்பாகத் தாமதித்தால் அதே வரியைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஓரிடத்தில் மட்டும் எப்போதும் சுருதி ஏறிவிடும்.

"அத்தனை பேர் வாசிச்சதை நீ ஒருத்தி தாங்கிப் பிடிக்கிறியாம்மா? உனக்கு ஊர் நடுவுல ஒரு சிலை வைக்கணும்."

"வெச்சா புறா அசிங்கம் பண்ணும்டா. நீ கசகசா கேக்கைத் தின்னு."

"ரோஸ்விதா, சுருதி ஏறுது," என்பார் அப்பா, திரும்பாமலே.

"ஏறட்டும். சீக்கிரம் திருப்பு ஓட்டோ, மூச்சு முட்டுது."

பிப்ரவரியில் அவளுக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது. ஈஸ்டருக்குள் புதைத்துவிட்டோம்.

அதன்பின் ஞாயிறுகளில் வயலின்கள் பாதியில் நிற்கும் அந்தப் பக்கத்தை மட்டும் அப்பா போடுவார். தட்டு தீர்ந்ததும் எழமாட்டார். ஊசி கடைசிக் கோட்டில் கரகரத்துக்கொண்டே இருக்கும். நான்தான் போய் அணைப்பேன்.

பொறுக்காமல் ஒரு சிடி வாங்கி வந்தேன். அதே பழைய ஒலிப்பதிவு. கீறல்களைத் துடைத்து, பக்கங்களை ஒட்டுத் தெரியாமல் ஒட்டியிருந்தார்கள். வயலின்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போயின. அப்பா கையைத் தூக்கினார்.

"நிறுத்துடா."

"ஏம்ப்பா? ஒரு கீறல்கூட இல்லையே."

"அவளுக்கு இடமே விடல."

சிடியை நிறுத்தி வெளியே எடுத்தேன்.

"அந்தப் பெட்டியைக் கீழே நிலவறையில போட்டுடு," என்றார். "இனிமே எனக்கு எதுவும் கேட்க வேணாம்."

பெட்டியைத் தூக்கினேன். வாசல்வரை போனேன். பிறகு திரும்பி வந்து, அந்தத் தட்டை எடுத்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. நான்கு நிமிடம் ஓடியது. துக்கத்தின் நடுவில் நின்றது. கரகரப்பு.

நான் வாயை மூடிக்கொண்டு பாடினேன். கேட்கச் சகிக்காத குரல். அந்த இடம் வந்ததும் சுருதியை ஏற்றினேன்.

அப்பா எழுந்தார். தட்டைத் திருப்பினார். தூசி துடைத்தார். பிறகு, இல்லாத தூசியையும் துடைத்தார்.

நான் அதே வரிக்கு மறுபடி வந்தேன்.