கல்லான மணல்

பெட்டியை ஏற்றி வந்த வண்டிக்கு முன்னால் காவல்காரன் சங்கிலியை இழுத்துக் கட்டினான். நோஹியா கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

"பின்னாடி இருக்கறது எங்கப்பா. கண்ணு தெரியலயா உனக்கு?"

தாழம்பாய் சுற்றிய பெட்டியில் கியோனி கிடந்தார். நேற்று காலையில் போனவர். கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: தன் அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். மொலோக்காய்த் தீவின் இந்தக் கரையில், காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் யுகக்கணக்கில் இறுகிக் கல்லாகிப்போன மேட்டில். அதைத்தான் விடுதிக்காரர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள்.

விடுதி மேனேஜர் கல் மேட்டில் நின்றபடியே பேசினார். குரலில் தேன் வழிந்தது. "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா இது ரொம்பப் பழைய கல்லு. மிதிச்சாலே உதிரும்."

அவருக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பெண் குதிகால் உயர்ந்த செருப்போடு அதே கல்லில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நோஹியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ மிதிச்சா உதிராது, நாங்க மிதிச்சாத்தான் உதிருமாக்கும்?"

"அவங்க எங்க விருந்தாளிம்மா."

"அப்ப நாங்க யாருய்யா?"

"உங்க ஆளுங்களைப் புதைச்ச இடம்னா நான் வழி விட்டே ஆகணும். எங்கன்னு காட்டுங்க. உங்கப்பாகிட்ட எத்தனையோ தடவை கேட்டோம். வாயே தொறக்கல. அதான் இங்க ஒண்ணும் இல்லைன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்துட்டோம்."

வாய் திறக்காதவன் சொத்து ஊரான் சொத்தா! செத்தவர் எலும்பு எதிரி கையில் கிடைத்தால் செதுக்கித் தூண்டில் முள்ளாக்கிவிடுவான் என்று பயந்து வாழ்ந்த ஜனம் அவர்களுடையது. புதைத்த இடத்தை வீட்டில்கூட ஒருவருக்குத்தான் காட்டுவார்கள். கியோனி மகளுக்குக் காட்டியிருந்தார், மகனுக்கு இல்லை.

தம்பி கவிகா அவள் தோளைத் தொட்டான். "சொல்லித் தொலைக்கா. அப்பா ஆசைப்பட்டாரு. இன்னுமா தூண்டில் முள்ளு பண்றாங்க?"

சொன்னால் அப்பா உள்ளே போவார். நாளைக்கே சுற்றி வேலி வரும், பலகை வரும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். சொல்லாவிட்டால் ரோட்டோரப் பொதுக் கல்லறைதான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

"எங்கம்மா, சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

அவர் நின்றிருந்த பலகைக் கல்லுக்கு அடியில்தான் அப்பாவின் அப்பா கிடந்தார்.

"அங்க நிக்காதீங்க," என்றாள் நோஹியா. "வழுக்கும்."

வெயிலில் காய்ந்து வெளுத்த கல். மேனேஜர் குனிந்து பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

கவிகா ஏதோ கேட்க வாயெடுத்தான். அந்தக் கல்லைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, பெட்டி குலுங்காமல் பின்னுக்கு எடுத்தான்.