எழுப்பி இறக்கிவிட்ட ஸ்டேஷன்

பெண்கள் பெட்டியில் அவளுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. நாள் முழுக்கச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவளுக்கு ரயிலில் ஏறியதும் தூக்கம் சொக்கும். இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவாள். அந்தப் பெட்டியில் யார் எங்கே இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். விழித்திருப்பவர் தூங்குகிறவரை எழுப்பிவிட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். தினமும் கூட வரும் நர்ஸம்மா இதில் ரொம்பக் கறார். அவள் உலுக்குகிற உலுக்கில் பல்லே ஆடிவிடும்.

ஒரு நாள் காலை தூங்குமூஞ்சி மூன்று ஸ்டேஷன் தள்ளி ஏறினாள்.

"இங்க எப்படி?" என்றாள் நர்ஸம்மா.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருந்தேன். சாயங்காலம் நம்ம வீடுதான்."

வாய் கூசாமல் சொன்ன பொய். முந்தின நாள் அக்காவோடு அவளுக்குப் பெரிய சண்டை. அவள் வழக்கமாக ஏறும் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருப்பவள் அந்த அக்கா. இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை, ஒரே அறையில்தான் இத்தனை வருஷமும். சண்டை எதற்கு? கேவலம் ஒரு ஃபேனுக்கு. அக்காவுக்குக் குளிரும், இவளுக்கு வேர்க்கும். பேச்சு முற்றி அக்கா, "என் வீடு, என் இஷ்டம்" என்றாள். இவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, "இனி உன் வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுக் கம்பெனித் தோழியின் அறைக்குப் போய்விட்டாள்.

அன்று பகலெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அக்காவை விட்டால் தனக்கு யார்? ஆனால் தானாகப் போய் நின்றால் மானம் என்னாவது?

சாயங்காலம் தூங்கக்கூடாது என்று பிடிவாதமாகத்தான் ஏறினாள். இரண்டு கொட்டாவிக்கு மேல் தாங்கவில்லை. தோழியின் ஸ்டேஷன் வந்து போனது. காலையில் தூங்குமூஞ்சி சொன்ன பொய்யை நம்பி ஒருத்தியும் எழுப்பவில்லை. பழைய ஸ்டேஷனில் நர்ஸம்மா உலுக்கினாள், பையைக் கையில் திணித்து இறக்கிவிட்டாள். கால்கள் தாமாகவே பாலம் ஏறி இறங்கின. ஸ்டாண்ட் வாசலில் ஒரு முனை மட்டும் மாட்டித் தொங்கிய சங்கிலி முழங்காலில் இடித்தபோதுதான் தூக்கம் கலைந்தது.

எதிரே அக்கா, மழையில் நனைந்த சைக்கிள்களின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா?"

"நானா வரல. தூங்கிட்டேன். எழுப்பி இறக்கி விட்டுட்டாங்க."

"நானும் கூப்பிடல."

"தெரியும். அடுத்த வண்டியில போயிடறேன்."

"போ. யாரு பிடிச்சு வச்சா?"

இருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அக்கா துடைத்த சீட்டையே மறுபடி துடைத்தாள்.

"ராத்திரி பூரா குளிர்ல பல்லு தந்தி அடிச்சுது" என்றாள், சீட்டைப் பார்த்தே.

"ஏன்? நீ மட்டும்தானே இருந்தே? ஃபேனை நிறுத்த வேண்டியதுதானே?"

"நீ பாதி ராத்திரியில வந்து படுத்தா வேர்க்குமேன்னு போட்டு வச்சேன். கதவுக்கும் தாழ் போடல."

தங்கை சங்கிலியைத் தாண்டி உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். எப்போதும்போல வாசலை அடைக்கச் சங்கிலியின் மறுமுனையை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். பின்னால் அடுத்த வண்டி வந்து, நின்று, போயிற்று.