சீமை வெந்நீர்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்ல முடியும். கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

1946-ல் தாராவியில், ரஹ்மத்துல்லா சேட்டின் தோல் ஷாப்பில் சொரிமுத்து என்றொருவன் இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சுண்ணாம்பில் ஊறிய தோலை எடுத்து மயிர் வழிப்பது அவன் வேலை. வெறுங்கையால்தான். மாட்டுத் தோல் எது, மனுஷத் தோல் எது என்று சுண்ணாம்புக்குத் தெரியாது. விரலெல்லாம் வெடித்துப்போய், ரசத்தில் கை பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். அவன் மனைவி பேராச்சி பார்த்தாள். மத்தியானச் சோற்றுத் தூக்கோடு ஒரு கரண்டியையும் வைத்து அனுப்பினாள்.

வினை அங்கேதான் பிடித்தது. கரண்டியால் சோறு தின்கிறவனை அந்த ஷாப்பு அதுவரை பார்த்ததில்லை. யுத்த காலத்தில் அவன் கப்பலில் கரி அள்ளப் போனது எல்லோருக்கும் தெரியும். கப்பலையும் கரண்டியையும் சேர்த்துப் பார்த்து, சொரிமுத்து சீமைக்குப் போய் வந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. அவன் பார்த்த வெளிநாடு கராச்சி. அது அப்போது வெளிநாடாகக்கூட இல்லை.

கேட்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையில்லை என்று அவன் சொல்லத் தொடங்கினான். லிவர்பூல் தோல் ஷாப்பில் சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்பே வேலை நின்றுவிடும். அந்த அரை மணியும் முதலாளி கணக்கு. ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர், பெயர் பொறித்த சோப்பு. காலையில் மேனேஜர்தான் முதலில் தொட்டியில் கையை விட வேண்டும். பக்கத்தில் சங்கத்துக்காரர் கடிகாரத்தோடு நிற்பார். ஒரு மேனேஜர் சீக்கிரம் கையை எடுத்துவிட்டான் என்று மறு கையையும் விட வைத்தார்கள். இதைச் சொன்ன அன்று சொரிமுத்துவே திகைத்துப் போனான். வேறு யாரும் திகைக்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

சங்கச் செயலாளர் கோமதிநாயகம் வெந்நீரும் குளிக்க அரை மணியும் கேட்டு இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தார். உலகத்தில் எங்கேயும் இல்லாததைக் கேட்கிறாய் என்பதே சேட்டின் பதில். இப்போது செயலாளருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

"சீமையில உண்டுன்னு மட்டும் நீ சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி, நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பேன்."

"அதுக்கென்னலே, சேட்டு குறைச்சுக்கிடுவாரு."

பேச்சுவார்த்தையில் குறுக்குக் கேள்வி கேட்டவர் ஷாப்பின் ஹெட் கிளார்க் வேங்கடசுப்ரமணியன். மாதுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர். காகிதத்தைத் தவிர எதையும் தொடாதவர். ஆனாலும் தோல் நாற்றத்துக்குப் பயந்து பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வாசலிலேயே இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளாமல் அவர் மனைவி அம்மிணி அவரை உள்ளே விடுவதுமில்லை.

"ஷாப்பு எங்கே இருந்தது, சொரிமுத்து?"

"கப்பலை விட்டு எறங்குனா எதுத்தாப்புல, சாமி."

"வெந்நீர் எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு, சாமி. சனிக்கெழமை எண்ணெயும் உண்டு."

கோமதிநாயகம் அவன் காலை மிதித்தார். கிளார்க் எண்ணெயையும் எழுதிக்கொண்டார்.

சேட் தாடியைத் தடவித் தீர்ப்புச் சொன்னார். லிவர்பூல் சங்கத்துக்கு ஹெட் கிளார்க் கடிதம் எழுதட்டும். பதில் வரும்வரை வெந்நீரும் அரை மணியும் உண்டு. சொன்னது பொய் என்று தெரிந்தால் வெந்நீர் நிற்கும், சொரிமுத்துவும் வெளியே. வேலை போனால் மயிரே போச்சு என்று சொரிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் பொய்தான். அவனுக்கு வேலையும் வேண்டும், வெந்நீரும் வேண்டும்.

இரண்டாம் மாதத்தில் விரல் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. ரசம் சோற்றைப் பிசைந்து உறிஞ்சினான். வீட்டில் மட்டும். ஷாப்பில் சீமை ஆசாமியாயிற்றே, கரண்டியை விட முடியவில்லை.

"வீட்டுல மனுஷன், ஷாப்புல தொரையா?" என்றாள் பேராச்சி.

தபால்காரனின் காக்கிச் சட்டையைக் கண்டால் அடுக்கி வைத்த தோல் அட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். ஹெட் கிளார்க்கோ அந்த நாட்களில் ஷாப்பு வெந்நீரிலேயே குளித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள் அவர் கோட்டுப் பையிலிருந்து உறையை எடுத்தார். சேட், செயலாளர், தொழிலாளிகள் எல்லோரும் கூடினார்கள். முதலில் இங்கிலீஷில் வாசித்தார். ஷாப்பில் வேறு ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாததால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு சேட்டுக்கு ஹிந்தியில், மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார்.

எங்கள் ஷாப்பில் வெந்நீர் கிடையாது என்று ஆரம்பித்தது கடிதம். சொரிமுத்து தோல் அட்டிப் பக்கம் நகரத் தொடங்கினான். இருநூறு பேருக்கு ஒரு பச்சைத் தண்ணீர்க் குழாய்தான். பனிக்காலத்தில் அதுவும் உறைந்துவிடும். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு தாராவியில் இருப்பது போல் எங்களுக்கும் வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறோம். உலகத்தில் எங்கேயும் இல்லாததைக் கேட்கிறீர்கள் என்கிறார் எங்கள் முதலாளி. உங்கள் சேட் கையெழுத்துப் போட்டு ஒரு சான்று அனுப்ப முடியுமா?

சேட் மறுபடி வாசிக்கச் சொன்னார். விலாயத்தில், அதாவது சீமையில்கூட இல்லையா என்று இரண்டு தரம் கேட்டார். பேனாவை வாங்கிச் சான்றில் கையெழுத்துப் போட்டார், அடியில் ஷாப்பின் முத்திரையையும் குத்தினார், அதே மூச்சில் இரண்டாவது வெந்நீர் அண்டாவுக்கும் உத்தரவு போட்டார். அப்படியானால் இவன் சொன்னது பொய்தானே என்று நினைவு வந்து சொரிமுத்து பக்கம் திரும்பியபோது, ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்தபடி, இவன் வேலை பார்த்தது வேறு ஷாப்பாக இருக்கும் என்றார்.

"லிவர்பூல் பெரிய ஊராக்கும்," என்று தமிழில் சொரிமுத்துவிடமும் சொல்லிவைத்தார்.

அந்தக் கடிதம் சங்க ஆபீஸில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. உறையில் ஒட்டியிருப்பது ஒன்றரை அணா இந்தியத் தபால் தலை.