முன்படியில் ஒரு சாய்பலகை

உர்சுலாவுக்குப் பங்களா என்றால் உயிர். பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக் வீட்டில். ஆனால் மகன் கேலப்பின் கல்யாண விருந்து மட்டும் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களாவில்தான் நடக்க வேண்டுமாம். அடேயப்பா, என்ன ஆசை!

கேலப்புக்கு நிச்சயமான ஈவா என் அண்ணன் அலெக்சாண்டரின் மகள். போன சனிக்கிழமை இரு வீட்டாரும் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். குதிரை லாயம் இப்போது காப்பிக் கடை. துரையின் படுக்கையறையில் மணப்பெண் அலங்காரம். அவன் முகம் பார்த்த கண்ணாடியை உர்சுலா தொட்டுக் கும்பிடாததுதான் குறை. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் முன்படியில் கால் வைத்திருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பான். இவள் அவனுக்காக உருகுகிறாள்!

அந்த முன்படியில்தான் வம்பே வந்தது. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் வாசலிலேயே இருந்து, வருகிறவர்களைக் கைகூப்பி அழைக்க வேண்டும். அதற்காகவே மாதக்கணக்கில் வலது கையைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்தார் மனிதர்.

பங்களா மேலாளர் ரஃபீக் நல்லவர். "கவலைப்படாதீங்கம்மா. படி மேல சாய்பலகை போட்டுடலாம், ஈசிதான் லா," என்றார்.

உர்சுலா முகத்தைச் சுளித்தாள். "ஐயோ, வேணாம் லா! போட்டோல அசிங்கமாத் தெரியும். பின்னால கிச்சன் பக்கம் படியில்லாத வாசல் இருக்குல்ல? அவர அப்படிக் கொண்டாந்து உள்ள ஒரு டேபிள்ல உக்கார வச்சிடலாம்."

"அது வேலைக்காரங்க வந்துபோன வாசல்," என்றேன்.

"அதெல்லாம் அந்தக் காலம், வெரோனிகா. இப்ப யாரு பாக்குறா?"

துரை வேண்டுமென்றால் அந்தக் காலம், எங்கள் மானம் என்றால் இந்தக் காலம். நல்ல கணக்கு!

அண்ணன் கோணிய வாயால் சிரிக்கப் பார்த்தார். "பரவால்லம்மா... நான் பின்னாலயே வரேன்," என்று குழறினார். பெண்ணைப் பெற்றவன் என்றால் எதையெல்லாம் விழுங்க வேண்டியிருக்கிறது!

ஈவா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். "ஆன்ட்டி, பிடோக்ல எங்க புளோக்குக் கீழயே விருந்து வச்சுக்கலாம். அந்தத் தொறந்த கீழ்த்தளம், வாய்ட் டெக்ல, படியே கிடையாது."

"சாவுக்குப் பெட்டி வைக்கிற எடத்துலயா? சொந்தக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

ஈவா கேலப்பிடம் திரும்பினாள். "நீ சொல்லு. எங்கப்பா எந்த வாசல்ல வரணும்?"

அந்த மண்ணாங்கட்டி போனிலிருந்து தலையைத் தூக்கியது. "அம்மா போட்டோவுக்காகத்தானே சொல்றாங்க? அங்கிளே ஓகேன்னுட்டாரு. ஒரு நாள்தானே லா."

ஈவா மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். "அப்ப போட்டோவையே கட்டிக்கோ."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். "வேணாம்மா, வேணாம்மா," என்று அண்ணன் அழுதுகொண்டே போனார். எனக்கு ஆறவில்லை. திரும்பி நின்று சொன்னேன்: "அடுத்த தடவ அப்பா இல்லாத பொண்ணாப் பாருங்க, உர்சுலா."