பூண் இல்லாத கோல்

உலக்கையோ குடைக்கம்போ, முனையில் பூண் இல்லையென்றால் பாக்கியசீலனுக்குக் கண் உறுத்தும். மனிதருடைய குணம் அப்படி. மருமகள் டார்லினின் மேசைமேல் பந்தைக் குத்தி ஆடும் பில்லியர்ட்ஸ் கோல் அன்று அவர் கையில் மாட்டியது அதனால்தான்.

பாளையங்கோட்டை ஆட்டக்கூடத்தில் உறையைத் திறந்தவள் “ஐயோ!” என்று கத்திவிட்டாள். கோலின் தோல்முனைக்குக் கீழே, மழுமழுவென்றிருந்த மரத்தில், பளபளவென்று ஒரு பித்தளை வளையம்!

“மாமா! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீங்க?”

“மொட்டையா கெடந்துச்சுல்லாம்மா. தட்டித் தட்டி மரம் பிளந்துரும்லா? என் பழைய கைத்தடிப் பூண்தான். கச்சிதமா ஒக்காந்துட்டு.” பாராட்டு வரும் என்று நின்றார், பாவம்.

“பூண் இல்லன்னுதானே இத வாங்குனேன்! முனை கனத்துப் போனா, பந்த ஓரத்துல குத்துறப்ப நெனச்ச பக்கம் போவாது. இனிமே என் சாமானத் தொடாதீங்க!”

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் பைய நடந்து மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அன்று மாவட்ட இறுதி ஆட்டம். இதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. மில் வேலை முடிந்து விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவள் பழகியதெல்லாம் இதற்குத்தான். வளையத்தை உருவிப் பார்த்தாள், அசையவில்லை. அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிக்க வேண்டும். முதலாவதில் ஓரத்தில் குத்திய பந்தெல்லாம் தறிகெட்டு ஓடியது, தோற்றாள். இரண்டாவதில் நடுவிலேயே குத்தி ஆடினாள், ஜெயித்தாள். புத்தியுள்ளவள் அப்படியே விட்டிருப்பாள். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்? கோபம் யாரை விட்டது! குறடு ஒன்றை இரவல் வாங்கி, துணி சுற்றி, பூணைத் திருகி உருவிவிட்டாள்.

மூன்றாவது ஆட்டம். அடுக்கிய பந்துகளை உடைக்க ஓங்கிக் குத்தினாள். சடக்! தோல்முனை பறந்தது. கோலின் நுனி விறகு போல இரண்டாகப் பிளந்து நின்றது.

டார்லின் கோலைத் தூக்கிப் பார்த்தாள். பிளந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி பிளவுக்குள் இருந்தது. உள்ளே அடி வரைக்கும் நீலம். முனையில் தேய்க்கிற நீலச் சாக்பீஸ் பொடி அப்பிக் கிடந்தது. இன்றைக்கு விழுந்த விரிசலில் அவ்வளவு பொடி எப்படி இறங்கும்? பூண் இல்லாத மரத்தில் கறை படிவது வழக்கம்தானே என்று, நுனி மரத்தில் கோடாக ஓடிய நீலத்தை மாதக்கணக்கில் அவளே துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

கூடத்திலிருந்த பொதுக்கோல் ஒன்றை எடுத்து ஆடினாள். அது கைக்குப் பழகவில்லை. தோற்றாள்.

“மாமனாருதான் பூண அடிச்சு மரத்த ஒடச்சிட்டாரு வே,” என்று பின்னால் ஒருவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. பாக்கியசீலன் எழுந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நாந்தான் கெடுத்துட்டனாம்மா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பழி அவரோடு போய்விடும். அவள் பிளந்த நுனியை அவர் கண்முன் நீட்டி, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

“இல்ல மாமா. இது எப்பவோ பிளந்துட்டு. நீங்க இறுக்கிப் பிடிச்சு வச்சிருந்தீங்க. நாந்தான் உருவிப் போட்டேன்.”